சீவியவுரித்துள்ள முதுசொமும் வரிக்கான பெறுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

மரணத்தின் வழியாகக் கைமாறும் ஆதனங்களுள் ஒருவகை ஏனையவற்றினின்றும் வேறுபட்டது. வீட்டின் உரிமை பிள்ளைக்கு உரியதாகும். உயிருள்ளவரை அவ்வீட்டில் வாழும் உரிமையோ தாய்க்கு உரியதாகும். யாழ்ப்பாணத்து நொத்தாரிசுகள் எழுதும் உறுதிகளிலே சீவியவுரித்து எனக் குறிக்கப்படும் இவ்வேற்பாடு, பெயர் வேறுபட்டபோதிலும், உரோம சட்டத்திலும் ஆங்கிலச் சட்டத்திலும் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. ஒரே நிலத்தின்மீது ஒரே வேளையில் இருவர் உரித்துடையோராய் நிற்கின்றனர். ஒருவரைச் சீவியவுரித்தாளர் என்றும், அவர் இறந்தபின் முழு உரிமையையும் அனுபவிக்க இருப்பவரைப் பின்னுரித்தாளர் என்றும் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

இத்தகைய ஆதனம் பின்னொருநாள் விற்கப்படுமிடத்து, விற்பனையால் வந்த ஆதாயம் எவ்வளவு என்பதை அரசு அறிய வேண்டியுள்ளது. விற்ற விலையிலிருந்து எத்தொகையைக் கழிப்பது? கழிக்கப்படும் அத்தொகையே அடிப்படைப் பெறுமதி எனப்படுகின்றது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அதனைக் காண்பது எளிது. முதுசொமாக வந்த பொருளுக்கு, அதிலும் சீவியவுரித்துக்கு உட்பட்ட பொருளுக்கு, மூன்று நாட்கள் போட்டியிடுகின்றன: முதலில் அதனைத் தேடியவர் வாங்கிய நாள், அவர் இறந்த நாள், சீவியவுரித்தாளர் இறந்த நாள்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். தந்தை 10,000 ரூபாவுக்கு வாங்கிய வீடு அவர் இறந்தபோது 100,000 ரூபா பெறுகின்றது. தாய் அவ்வீட்டிலேயே வாழ்ந்து இறக்கும்போது அதன் பெறுமதி 200,000 ரூபாவாகின்றது. சில காலத்தின்பின் மகள் அதனை 220,000 ரூபாவுக்கு விற்கின்றாள். முதலாவது நாளைக் கொண்டால் ஆதாயம் 210,000 ரூபா. இரண்டாவது நாளைக் கொண்டால் 120,000 ரூபா. மூன்றாவது நாளைக் கொண்டால் 20,000 ரூபா மட்டுமே. வீடும் ஒன்று, விலையும் ஒன்று. நாள் மாறும்போது வரி பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது.

எந்த நாளைத் தெரிவது என்பது கணக்காளரின் நுணுக்கமாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. எனினும் வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, இந்நாளைத் தீர்மானித்தவை நிலவுடைமை வர்க்கத்தின் தற்காப்பும், அதனை ஊடறுக்க முயன்ற அரசின் நிதித் தேவையும், இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்ட சாதாரண குடும்பங்களின் நிலையுமே என்பது புலனாகும். பெரும் ஆதனக்காரரைப் பிடிப்பதற்கெனத் தண்டனையாக ஆக்கப்பட்ட விதியொன்று, காலம் மாறியதும் அதே ஆதனக்காரருக்குச் சலுகையாக மாறிய விதத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. உரோமரின் ஆயுட்கணக்கு

உரோம சட்டம் உரிமையையும் அனுபவத்தையும் பிரித்து நோக்கியது. பொருளின் மூலத்தைச் சிதைக்காது அதனைப் பயன்படுத்தவும் அதன் விளைவை எடுக்கவும் ஒருவருக்கு உள்ள உரிமை அனுபோகவுரிமை எனப்பட்டது. இவ்வுரிமை ஆளோடு ஒட்டியது. ஆள் இறந்தால் அதுவும் இறக்கும். கணவன் தன் மரணசாதனத்தில் மனைவிக்கு அனுபோகத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு உரிமையை எழுதுதல் வழக்கில் இருந்தது. வீட்டில் குடியிருக்கும் உரிமை இதனோடு நெருங்கிய இன்னொரு வகையாகும். அது தனியானதோர் உரிமையா, அன்றி அனுபோகத்தின் ஒரு கூறா என உரோம சட்டவியலார் நெடுங்காலம் வாதிட்டனர். அது தனியுரிமையே எனப் பேரரசர் ஜஸ்டினியன் 530 ஆம் ஆண்டில் முடிவு கட்டினார்.

இத்தகைய உரிமைக்கு ஒரு தொகை குறிக்கவேண்டிய தேவை இரு வழிகளில் எழுந்தது. கி.மு. 40 இல் ஆக்கப்பட்ட ஃபல்சிடியச் சட்டம், மரணசாதனத்தால் எவ்வளவு கொடைகள் வழங்கப்பட்டாலும் வாரிசுக்கு நாலிலொரு பங்கேனும் எஞ்சவேண்டும் என விதித்தது. அவ்வாறாயின் விதவைக்கு விடப்பட்ட அனுபோகம் எத்தொகைக்குச் சமம் என்பதை அறிதல் அவசியமாயிற்று. கி.பி. 6 இல் அகஸ்டஸ் விதித்த இருபதிலொரு பங்கு மரபுரிமை வரி இத்தேவையை மேலும் வலுப்படுத்தியது. ஓய்வு பெற்ற போர்வீரருக்குக் கொடுப்பனவு செய்யும் நிதியத்துக்கென விதிக்கப்பட்ட அவ்வரியிலிருந்து நெருங்கிய உறவினர் விலக்கப்பட்டிருந்தனர்.

அவ்வரி பற்றி மாசெர் என்னும் சட்டவியலார் எழுதிய நூலின் ஒரு பகுதி, 533 இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் எஞ்சியுள்ளது. உல்பியன் வகுத்த ஆயுள் அட்டவணை அதிலேயே காணப்படுகின்றது. உரித்தாளர் 20 வயதுக்குக் குறைந்தவராயின் அவருடைய அனுபோகம் 30 ஆண்டுகளுக்கு உரியதாகக் கணிக்கப்படும்; 20 முதல் 25 வரை 28 ஆண்டுகள்; 50 முதல் 55 வரை 9 ஆண்டுகள்; 55 முதல் 60 வரை 7 ஆண்டுகள்; 60 வயதைக் கடந்தவருக்கு 5 ஆண்டுகள். இவ்வெண்கள் உரோமரின் உண்மையான மரணவீதத்தைக் காட்டுகின்றனவா என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1982 இல் புரூஸ் பிரையர் அவற்றை மக்கட்டொகை ஆய்வுக்குரிய சான்றாகக் கொண்டு எழுதியமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. வீட்டில் வாழும் மூதாட்டி, வரிச் சட்டத்தின் கண்களுக்கு முதன்முதலாக ஓர் எண்ணாகத் தோன்றுகின்றாள். அவள் இருக்கும் ஆண்டுகள் எத்தனையோ, அத்தனை ஆண்டுகளின் பெறுமதி ஆதனத்திலிருந்து கழிக்கப்படுகின்றது. பின்வந்த வரிச் சட்டங்கள் வட்டிவீதத்தையும் திருத்தமான மரண அட்டவணைகளையும் சேர்த்துக்கொண்டன. அடிப்படையான நோக்கு மாறவில்லை.

3. ஆங்கில நிலப்பிரபுக்களும் சீவியவுரித்தும்

உரோமில் விதவையைக் காத்த ஏற்பாட்டினை ஒத்த ஒன்று, இங்கிலாந்தில் நிலப்பிரபுத்துவக் குடும்பத்தின் அரணாக அமைந்தது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருநிலங்கள் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. நிலத்தை ஆளும் பிரபு உண்மையில் ஒரு சீவியவுரித்தாளரே. பின்னுரித்து அவருடைய மூத்த மகனுக்கு உரியது. மகன் வயதுக்கு வந்ததும் தந்தையும் மகனும் சேர்ந்து புதிய உடன்படிக்கை செய்து, மகனையும் சீவியவுரித்தாளனாக்கிப் பேரனுக்குப் பின்னுரித்தை எழுதுவர். இவ்வாறு எந்தத் தலைமுறையிலும் நிலத்தை விற்கவல்ல முழு உரிமையாளர் ஒருவர் தோன்றாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டது.

வரிச் சட்டம் இதற்கு இசைந்தே நடந்தது. 1853 வரை மரணத்தின் வழியாகக் கைமாறிய நிலம் வாரிசுவரியினின்றும் விலகியே நின்றது. அவ்வாண்டிற் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த வாரிசுவரிச் சட்டம் முதன்முறையாக நிலத்தையும் உடன்படிக்கைக்கு உட்பட்ட ஆதனத்தையும் உள்ளடக்கியது. எனினும் நிலத்தைப் பெற்றவர் அதன் முழுப் பெறுமதிக்கன்றித் தம் ஆயுட்காலத்தில் அதிலிருந்து பெறக்கூடிய ஆண்டு வருமானத்தின் பெறுமதிக்கே வரி செலுத்தினார். முதிய வயதில் ஒருவர் நிலத்தைப் பெற்றால் வரி மிகச் சிறியதாயிற்று. காசாகவும் பங்குகளாகவும் செல்வம் வைத்திருந்தோருக்கு இச்சலுகை இல்லை. ஆயுட்கணக்கு இங்கே நிலவுடைமை வர்க்கத்தின் கேடயமாயிற்று.

இக்கேடயத்தை உடைத்தது 1894 இன் நிதிச் சட்டம். வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த மரண ஆதனவரி, மரணத்தின்போது கைமாறும் எல்லா ஆதனங்களின் முழுப் பெறுமதியையும் கணக்கிற்கொண்டது. வீதம் சிறு ஆதனங்களுக்கு 1 சதவீதத்திலிருந்து, பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்டவற்றுக்கு 8 சதவீதம் வரை ஏறியது. சீவியவுரித்தாளர் இறந்தால், அவர் நிலத்தின் முழு உரிமையாளராக இல்லாதபோதிலும் நிலம் முழுவதுமே கைமாறியதாகக் கொள்ளலாம் என்னும் சட்டக் கற்பிதம் இங்கு வலுப்பெற்றது. அதனோடு இணைந்த இன்னொரு விதியும் உண்டு: தம் ஆதனத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தபின்னும் ஆயுட்கால உரித்தைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டவரின் கொடை, வரியைப் பொறுத்தவரை, அவர் இறக்கும் நாளிலேயே நிறைவேறுகின்றது. இவ்விதியின் வேர் 1881 இன் சட்டத்திலே உள்ளது. கையால் எழுதிக் கொடுத்து வாயால் உண்டு வாழும் தந்திரத்தைத் தடுப்பதே அதன் நோக்கம்.

1894 இன் சட்டம் உடன்படிக்கை ஆதனத்துக்கு ஒரு விட்டுக்கொடுப்பையும் வைத்திருந்தது. மேலதிகமாக 1 சதவீதம் செலுத்திவிட்டால், உடன்படிக்கை நீடிக்கும்வரை இடையிலுள்ள சீவியவுரித்தாளரின் மரணத்துக்கு மறுமுறை வரி இல்லை. 1914 இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் கணவனின் மரணத்தில் வரி செலுத்தப்பட்டிருந்தால், விதவையின் மரணத்தில் அதே ஆதனத்துக்கு மறுபடியும் வரி அறவிடப்படாது என்னும் விலக்குப் பேணப்பட்டது. விதவையின் சீவியவுரித்தையும் பிரபுவின் சீவியவுரித்தையும் சட்டம் தெளிவாகப் பிரித்து நோக்கிய அரிய தருணமாக இதனைக் கொள்ளலாம்.

4. ஐக்கிய அமெரிக்கா: ஒருநாட் சட்டமும் அதன் பின்விளைவும்

மரணவரியும் வருமானவரியும் ஒருங்கே வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவில் இப்பிரச்சினை முழு உருவம் பெற்றது. 1913 இல் அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம் வருமானவரிக்கு வழிவகுத்தது. 1916 இல் கூட்டாட்சி மரணவரி வந்தது. ஆதனம் விற்ற ஆதாயம் வருமானமாகையால், முதுசொமாக வந்த ஆதனத்தின் அடிப்படைப் பெறுமதி எது என்னும் வினா தவிர்க்கமுடியாததாயிற்று. 1921 இன் இறைவரிச் சட்டம் இரு வழிகளை வகுத்தது. உயிரோடிருக்கையிற் கொடுத்த நன்கொடைக்குக் கொடுத்தவரின் கொள்விலையே பெற்றவருக்கும் தொடரும். மரணத்தால் வந்த ஆதனத்துக்கோ, அது கிடைத்த காலத்துச் சந்தைப் பெறுமதி புதிய அடிப்படையாகும். அதுவரை ஏறியிருந்த ஆதாயம் வருமானவரியின் ஏட்டிலிருந்து அழிந்துபோகும். மரணவரி அப்பெறுமதி முழுவதையும் ஏற்கெனவே தொட்டுவிட்டது என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நாளில் மரணவரியின் விலக்கெல்லை 50,000 டொலர் மட்டுமே.

இனி, கிடைத்த காலம் எது? 1930 இல் புரூஸ்டர் எதிர் கேஜ் வழக்கில், பங்கு கைக்கு வந்த நாளன்று, இறந்தவர் இறந்த நாளே கணக்கிற்குரியது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1941 இல் ரெனோல்ட்ஸ் வழக்கில் அதே கோட்பாடு நிச்சயமற்ற பின்னுரித்துக்கும் விரிக்கப்பட்டது. மரணசாதனம் தாய்க்குச் சீவியவுரித்தும் மகளுக்குப் பின்னுரித்தும் வழங்கியிருப்பின், தாய் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், அடிப்படைப் பெறுமதி தந்தை இறந்த நாளினதே. நமது எடுத்துக்காட்டில் அது 100,000. அப்பெறுமதி ஒருமித்த ஒன்று. தாயின் வயது ஏற ஏற அவளுடைய பங்கு தேய்ந்து மகளின் பங்கு வளரும். தாய் இறக்கும் நாளில் முழுவதும் மகளிடம் வந்து சேரும்.

இன்னொரு திசையில், ஆயுட்கால உரித்தை ஒதுக்கிக்கொண்டு செய்யப்பட்ட கொடைகள் மரணவரியிலிருந்து தப்புமா என்னும் வினா எழுந்தது. 1930 இல் மே எதிர் ஹெய்னர் வழக்கில், அத்தகைய கொடை மரணத்திற் கைமாறவில்லை, எனவே வரிக்கு உட்படாது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1931 மார்ச் 2 ஆம் நாள் அதே கருத்தை மேலும் மூன்று தீர்ப்புகளால் உறுதிப்படுத்தியது. செல்வந்தருக்குக் கதவு அகலத் திறந்தது. மறுநாளே, மார்ச் 3 ஆம் நாள், அமெரிக்கக் காங்கிரஸ் கூட்டுத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, அதன்பின் செய்யப்படும் கொடைகளுக்கு அக்கதவை மூடியது. சீவியவுரித்தை வைத்துக்கொண்டு கொடுப்பவர், வரியைப் பொறுத்தவரை, கொடுக்காதவரே. வரிச் சட்ட வரலாற்றில் இத்துணை விரைவான எதிர்வினை அரிது.

இவ்விதியின் பின்வரலாறு சிந்தனைக்குரியது. ஆதனம் மரணவரிக் கணக்கிற் சேர்க்கப்பட்டால், அது மரணத்தால் வந்ததாகவே வருமானவரிக்கும் கொள்ளப்படுகின்றது. ஆகவே சீவியவுரித்தை ஒதுக்கி மகளுக்கு உறுதி எழுதிய தாயின் வீட்டுக்கு, அத்தாய் இறந்த நாளின் பெறுமதியே புதிய அடிப்படை. உரித்து எதனையும் ஒதுக்காது முற்றாகக் கொடுத்திருந்தால், மகளுக்குத் தாயின் பழைய கொள்விலையே தொடர்ந்திருக்கும். மரணவரி பலரைத் தொட்ட காலத்தில் சேர்க்கப்படுதல் ஒரு சுமை. விலக்கெல்லை 2025 இல் 13.99 மில்லியன் டொலராகவும் 2026 முதல் 15 மில்லியன் டொலராகவும் உயர்ந்துவிட்ட நிலையில், மிகப் பெரும்பாலானோருக்கு மரணவரி என்பது பெயரளவிலேயே உள்ளது. அவர்களுக்குச் சேர்க்கப்படுதல் ஒரு பேறு. மரணவரியும் இல்லை, ஆதாயவரியும் இல்லை. 1931 இல் வரி தவிர்ப்போரைப் பிடிக்க விரிக்கப்பட்ட வலைக்குள், இன்று வழக்கறிஞரின் ஆலோசனையின்படி மக்கள் தாமாகவே சென்று நுழைகின்றனர்.

1981 இன் சட்டம் இதனை வாழ்க்கைத்துணைக்கும் விரித்தது. கணவனின் மரணசாதனத்தின் கீழ் மனைவி ஆயுட்கால வருமானத்தை அல்லது அனுபோகத்தை மட்டும் பெற்றாலும், நிறைவேற்றுநர் அதற்கெனத் தெரிவு செய்தால், கணவனின் மரணத்தில் வரி பிற்போடப்படும். மனைவி இறக்கும்போது ஆதனம் அவளுடையதுபோலக் கணக்கிடப்படும். அடிப்படைப் பெறுமதியும் அந்நாளில் மறுபடி புதுப்பிக்கப்படும். நமது எடுத்துக்காட்டில் 100,000 என நின்ற தொகை 200,000 ஆகின்றது. ஒரே வீடு, ஒரே விதவை, ஒரே மகள். பத்திரத்தின் அமைப்பும் ஒரு படிவத்தில் இட்ட தெரிவும் மட்டுமே வேறுபட்டன. அவ்வேறுபாட்டை அறிந்து பயன்கொள்வது சட்ட ஆலோசனைக்குக் காசு கொடுக்கக்கூடியோருக்கே இயலும்.

5. இருப்பவளின் பங்கு

இவ்வரலாற்றில் வீட்டில் உண்மையாக வாழ்பவளின் நிலை யாது? 1969 இன் அமெரிக்க வரிச் சீர்திருத்தச் சட்டம் இதற்கொரு விடை தருகின்றது. அதற்கு முன்னர் சீவியவுரித்தாளர் தமது உரித்தை மட்டும் விற்கும்போது ஒருமித்த பெறுமதியில் தமக்குரிய பங்கைக் கழித்துக்கொண்டனர். பின்னர் பின்னுரித்தாளரும் முழுப் பெறுமதியையும் கழித்துக்கொண்டார். ஒரே தொகை இருமுறை கழிக்கப்பட்டது. இதனைத் தடுக்கவந்த சட்டம், தனித்து விற்கும் சீவியவுரித்தாளரின் அடிப்படைப் பெறுமதியைச் சூனியமாகக் கொண்டது. இருவரும் சேர்ந்து முழு ஆதனத்தையும் விற்றால் மட்டும் அவருக்குப் பங்கு உண்டு. அதன் பயனாக, பிள்ளையோடு இசைந்து போகாத முதியவள் தன் உரித்தை விற்றுப் பெறும் தொகை முழுவதும் ஆதாயமாகவே கணிக்கப்படும். இரட்டைக் கழிவை அடைக்க வேண்டியிருந்தது உண்மையே. அடைப்பின் பாரம் இருவருள் எளியவர்மீது வைக்கப்பட்டமை கவனத்துக்குரியது.

ஆயுள் அட்டவணைகளும் நடுநிலையானவை அல்ல. 1983 இன் இறுதிவரை அமெரிக்க இறைவரித் திணைக்களத்தின் அட்டவணைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக இருந்தன. ஒரே வயதுடைய விதவையின் உரித்துக்குத் தபுதாரனின் உரித்தைவிட அதிக பெறுமதி குறிக்கப்பட்டது. அதனால் பின்னுரித்தின் பெறுமதி குறைந்தது. அதன்பின் இருபாலாருக்கும் பொதுவான அட்டவணை நடைமுறைக்கு வந்தது. எத்தனை ஆண்டு வாழ்வாள் என்னும் கணிப்பை எந்தக் குழுவின் சராசரியிலிருந்து எடுப்பது என்பதும் ஒரு சமூகத் தீர்மானமே.

ஆதாயத்தை மரணம் அழித்துவிடுவதை நிறுத்தும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 1976 இன் அமெரிக்கச் சட்டம், இறந்தவரின் கொள்விலையே வாரிசுக்கும் தொடரும் என விதித்தது. பல பத்தாண்டுகளுக்கு முந்திய கொள்விலையை எவ்வாறு நிரூபிப்பது என்னும் எதிர்ப்பு எழுந்தது. 1978 இல் அவ்விதி ஒத்திவைக்கப்பட்டு 1980 இல் நீக்கப்பட்டது. பழைய சீட்டுகளைப் பேணாத சிறு குடும்பத்தின் இடர் மெய்யானது. அவ்விடரை முன்னிறுத்தி, கணக்கேடுகளைச் செவ்வனே பேணிவந்த பெருஞ் செல்வங்களும் விடுவிக்கப்பட்டன என்பதும் மெய்யே.

பிரித்தானியாவும் இவ்வழியே சென்றது. 1965 இல் மூலதன ஆதாயவரி விதிக்கப்பட்டபோது மரணமும் ஒரு விற்பனையாகக் கருதப்பட்டது. 1971 இல் அவ்வரி மரணத்தினின்றும் நீக்கப்பட்டது, புதுப்பித்த பெறுமதி மட்டும் எஞ்சியது. மாறாகக் கனடா 1972 இல் கூட்டாட்சி மரணவரியைக் கைவிட்டு, மரணத்தை விற்பனையாகக் கொள்ளும் முறையை ஏற்றது. ஆதனம் வாழ்க்கைத்துணைக்கோ, துணையின் ஆயுட்கால நன்மைக்கென அமைந்த நம்பிக்கைப் பொறுப்புக்கோ சென்றால் வரி அத்துணையின் மரணம்வரை பிற்போடப்படும். பிரதான வாசத்தலம் விலக்கப்படும். வாழ்பவளை வீட்டிலிருந்து அசைக்காமலும், பெருஞ் செல்வத்தின் ஆதாயத்தை மறவாமலும் ஒரு சட்டம் அமையமுடியும் என்பதற்கு இது சான்று.

6. இலங்கையும் யாழ்ப்பாணத்துச் சீவியவுரித்தும்

1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமை, 1806 இன் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியரின் கீழும் சட்டவலு பெற்றது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை அது வகுத்தது. தந்தை இறந்து தாய் எஞ்சுமிடத்து, பிள்ளைகளைப் பேணிப் பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்கும் பொறுப்போடு ஆதனம் அவள் கையில் இருத்தலை அத்தொகுப்பு பதிவு செய்கின்றது. பிற்காலத்திலே, சீதன உறுதி எழுதும் பெற்றோர் தமக்குச் சீவியவுரித்தை ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் இப்பொறுப்புக்கும் முதுமைக்காலப் பாதுகாப்புக்கும் இடையே ஓர் இணக்கத்தை ஏற்படுத்தியது. மகள் வீட்டோடு மணமுடித்தாள், பெற்றோர் வீடற்றோராகவில்லை.

இலங்கையின் மரண ஆதனவரிச் சட்டங்கள், 1919 இன் 8 ஆம் இலக்கமும் அதனை மாற்றீடு செய்த 1938 இன் 1 ஆம் இலக்கமும், பிரித்தானியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. இங்கிலாந்துப் பிரபுவின் தந்திரத்தைக் கண்டு வகுக்கப்பட்ட கருத்துகள், அத்தந்திரத்தையே அறியாத ஒரு சமூகத்தின் உறுதிகளை அளக்கவும் வந்துசேர்ந்தன. வடிவத்தில் இரண்டும் ஒன்றே: கொடுத்தல், ஒதுக்கிக்கொள்ளல், மரணம். சமூகப் பொருளில் அவை எதிரெதிரானவை. ஒன்று செல்வத்தைத் தலைமுறைகளுக்குப் பூட்டி வைப்பது. மற்றையது உழைக்கும் ஆற்றல் இழந்தோருக்குக் கூரையொன்றை உறுதிசெய்வது. வடிவத்தை மட்டும் நோக்கும் சட்டம் இவ்வேறுபாட்டைக் காணாது.

1958 இல் நிக்கலஸ் கால்டர் இலங்கை அரசுக்கு வழங்கிய ஆலோசனைகள், வருமானம், செல்வம், செலவு, கொடை, மூலதன ஆதாயம் ஆகியவற்றை ஒரே வலையில் இணைக்க விழைந்தன. ஒன்றிலே தப்பியது மற்றொன்றிலே அகப்படவேண்டும் என்பது அதன் தத்துவம். அவ்வலை நீடிக்கவில்லை, மரணவரி 1980களிற் கைவிடப்பட்டது. இடையிற் கைவிடப்பட்டிருந்த மூலதன ஆதாயவரியை 2017 இன் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் மீண்டும் கொண்டுவந்தது. 2017 செப்டம்பர் 30 ஆம் நாள் ஒருவர் வைத்திருந்த ஆதனத்துக்கு அந்நாட் சந்தைப் பெறுமதியே அடிப்படை என அது விதித்தது. பிறப்போ இறப்போ சாராத ஒரு நாளை அரசே குறித்தமை, முன்னர்க் கண்ட மூன்று நாட்களோடு நான்காவது ஒன்றைச் சேர்த்தது எனலாம். இடப்பெயர்வுகளில் உறுதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் இழந்த வடக்குக் கிழக்குக் குடும்பங்களுக்குப் பழைய கொள்விலையை நிரூபிக்கும் பாரத்தை இது குறைக்கின்றது. ஆயினும் சீவியவுரித்துக்கு உட்பட்ட வீட்டைச் சந்தையில் வாங்க முன்வருவோர் சிலரே. அந்நாளில் வீட்டின் முழுப் பெறுமதியைக் கொள்வதா, தாயின் உரித்தைக் கழித்த பெறுமதியைக் கொள்வதா? கழித்துக் கொண்டால், தாய் இறந்தபின் வீட்டை விற்கும் மகளின் கணக்கில் தாயின் எஞ்சிய ஆயுளே ஆதாயமாக வந்து நிற்கும்.

அச்சட்டம் பிரதான வாசத்தலத்துக்கு விலக்களிக்கின்றது. தொடர்ந்து மூன்றாண்டு உடைமையாயிருத்தலும் அதில் இரண்டாண்டேனும் வாழ்ந்திருத்தலும் அதற்குரிய நிபந்தனைகள். சீவியவுரித்துள்ள வீட்டில் இவ்விரண்டும் இருவேறு ஆட்களிடம் பிரிந்து நிற்கின்றன. வாழ்பவர் உடைமையாளர் அல்லர். உடைமையாளர் பெரும்பாலும் வேறூரிலோ வேறு நாட்டிலோ வாழ்பவர். குடியிருக்கும் வீட்டைக் காக்கவென எழுந்த விலக்கு, முதியவர் குடியிருப்பதற்கெனவே எழுதப்பட்ட உறுதியின் வாசலிலே தடைப்பட்டு நிற்கக்கூடும்.

7. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, அடிப்படைப் பெறுமதிக்குரிய நாள் பொருளின் இயல்பிலிருந்து பிறப்பதில்லை. 1853, 1894, 1921, 1931, 1981 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் அதனைத் தெரிந்தது சமூக வலுச் சமநிலையே. இரண்டாவதாக, மரணவரியும் ஆதாயவரியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இரு தூண்கள். ஒன்றை அகற்றிவிட்டு, மற்றொன்றில் மரணத்துக்கு வழங்கிய சலுகையை மட்டும் வைத்திருப்பது செல்வக் குவிவுக்குத் துணைபோவதாகும். மூன்றாவதாக, வீட்டில் வாழும் முதியவரைக் காப்பதும் பெருஞ் செல்வத்தின் ஆதாயத்தை விடுவிப்பதும் வெவ்வேறு காரியங்கள். முதலாவதன் பெயரால் இரண்டாவது நடைபெற்று வந்துள்ளமையே இவ்வரலாறு தரும் பாடமாகும்.

வரிச் சீர்திருத்தம் பேசப்படும் ஒவ்வொரு வேளையிலும், சீவியவுரித்துள்ள வீட்டை வாழ்பவரின் வாசத்தலமாகக் கருதி விலக்களிப்பதும், ஒரு குறித்த எல்லையைக் கடந்த ஆதாயத்தை மரணத்தோடு அழியவிடாது தொடரச் செய்வதும் ஒருங்கே பரிசீலிக்கப்பட வேண்டும். தேசவழமை தாயின் கையில் ஆதனத்தை விட்டது அவளுடைய எஞ்சிய ஆண்டுகளை எண்ணியன்று. பிள்ளைகளைப் பேணும் பொறுப்பை எண்ணியே. உல்பியனின் அட்டவணையிலிருந்து தொடங்கிய ஆயுட்கணக்கு மரபு தவறவிட்ட அப்பொறுப்பை, வரிச் சட்டம் மறுபடியும் கணக்கில் எடுத்தல் தகும்.